பாதியில் வந்தவருக்கு ஒரு பாய்

பத்திரிகை கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தை அல்ல என்பது எனக்குத் தெரியும். தொடர்கதையைத்தான். அதில் எனக்குக் கோபம் கிடையாது. நானும் உங்கள் கட்சிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெண்ணின் பிரசவத்துக்கோ, உறவுக்காரர் கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய்விட்டு, நாலு வாரத்துப் பத்திரிகையைக் கோட்டைவிட்டு, ஐந்தாவது வாரம் ஆசையோடு பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். காலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆசாமி யார் என்று தெரியவில்லை. போன மாதம் வரையில் பரம சாதுவாக இருந்த சித்தப்பாவைப் போலீஸ் தேடுகிறது. "முன் கதைச் சுருக்கம்" என்று பொடி எழுத்தில் எட்டு வரி போட்டிருக்கிறார்கள். அந்த எட்டு வரியில் பன்னிரண்டு பெயர்! படித்து முடித்ததும் தலை சுற்றுகிறதே தவிர, கதை புரிகிறதில்லை. அடுத்த வீட்டு மாமியைக் கூப்பிட்டு, "இவன் யார், அவள் யார்?" என்று விசாரித்துக்கொண்டால்தான் உண்டு.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் போய் நுழைந்த மாதிரிதான். வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை. உள்ளே எல்லாரும் ஏதோ பழைய சமாசாரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நமக்கு ஒரு பாய் எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை.

நம் தொடர்கதையாவது ஐம்பது, அறுபது வாரத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் மாதாமாதம் வருகிற சித்திரக் கதைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு முடிவே கிடையாது. பாட்டி காலத்தில் ஆரம்பித்த கதையைப் பேரன் படித்துக்கொண்டிருப்பான். அங்கே பாதியில் வந்து சேருகிறவருடைய திண்டாட்டத்தைக் கேட்கவேண்டுமா? பழைய வாசகர்களுக்கு எல்லாம் தெரியும். புதியவருக்கு ஒன்றும் தெரியாது. பழையவர்களுக்காக எழுதினால் புதியவர் ஓடிவிடுவார். புதியவருக்காக ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்தால் பழையவர் கொட்டாவி விடுவார்.

இந்தச் சங்கடத்துக்கு 1975-ஆம் வருஷம் ஒரு புஸ்தகம் கண்ட வழியைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். "ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென்" என்று அதற்குப் பெயர். முதல் இதழ். 68 பக்கம், விலை 50 சென்ட். சாதாரண சித்திரக் கதைப் புஸ்தகம் அப்போது 25 சென்ட் விற்றது. "சித்திரக் கதையா? அது பிள்ளைகள் சமாசாரமாயிற்றே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பிள்ளைகள் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படிப்பது என்னவென்று நாமும் ஒரு தடவை பார்த்துவிடுவது எப்போதுமே நல்லது.

முதலில் வீட்டின் பூர்வோத்தரம். பயப்படாதீர்கள், எட்டு வரியில் பன்னிரண்டு பெயர் சொல்லமாட்டேன். நியூயார்க் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய மாளிகை. அதில் ஒரு பள்ளிக்கூடம். அதை நடத்துகிறவர் சார்லஸ் சேவியர் என்கிற பேராசிரியர். சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவர். ஆனால் அடுத்தவர் மனத்துக்குள் புகுந்து பேசக்கூடியவர். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் பிறவியிலேயே ஏதாவது ஒரு விசித்திர சக்தியோடு பிறந்தவர்கள். ஒருவனுக்குக் கண்ணைத் திறந்தால் தீப்பிழம்பு. ஒருவனுக்கு முதுகில் சிறகு. இப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஊருக்குப் பயம், பயத்தினால் வெறுப்பு. தங்களை வெறுக்கிற அதே ஊரைத்தான் இந்தப் பிள்ளைகள் ஆபத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1963-ல் மார்வெல் கம்பெனிக்காக ஸ்டான் லீ என்பவர் எழுதி, ஜாக் கிர்பி என்பவர் படம் போட்டு ஆரம்பித்த கதை இது. அப்போது மாணவர்கள் ஐந்தே பேர். அதில் பெண் ஒருத்திதான்.

நல்ல கதைதான். ஆனாலும் வியாபாரம் சுகப்படவில்லை. 1970-ல் 66-வது இதழோடு புதுக் கதை நின்றுபோயிற்று. அந்த வருஷக் கடைசியிலிருந்து 1975 வரையில் 27 இதழ்கள் வெளிவந்தன. அத்தனையும் பழைய கதைகளின் மறுபதிப்பு! அடுப்பு மூட்டாத வீட்டில் பழையதைப் பிழிந்து பிழிந்து பரிமாறின கதைதான். பேருக்குப் பத்திரிகை உயிரோடு இருந்தது, அவ்வளவே.

மறுபடி அடுப்பு மூட்டலாம் என்று யோசனை வந்தது கதைமேல் இருந்த காதலால் அல்ல. அந்தக் காலத்துக் கம்பெனித் தலைவருக்கு ஒரு கணக்கு: கோஷ்டியில் பல தேசத்து ஆட்களைச் சேர்த்தால் அந்தந்தத் தேசங்களிலும் புஸ்தகம் விற்குமே! ஆசிரியராக இருந்த ராய் தாமஸ் அந்தக் கணக்கைக் கதையாக்கலாம் என்று பிடித்துக்கொண்டார். கடைசியில் எழுதியவர் லென் வீன்; சித்திரம் தீட்டியவர் டேவ் காக்ரம். இந்த இரண்டு பேரும் தேர்ந்தெடுத்த தேசங்களைப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். ஸைபீரியாவில் ஒரு கூட்டுப் பண்ணை. கென்யாவில் மழைக்கு ஏங்கும் ஒரு கிராமம். 1975-ல் ஸோவியத் கூட்டுப் பண்ணையில் எந்தக் கடைக்காரர் அமெரிக்கச் சித்திரக் கதையைத் தொங்கவிட்டு விற்றிருப்பார்? முதலாளியின் கணக்கு ஒரு பக்கம் போக, கலைஞர்களின் கற்பனை இன்னொரு பக்கம் போயிற்று. நல்லவேளையாகப் போயிற்று என்றுதான் நான் சொல்வேன்.

இனிப் புஸ்தகத்தைத் திறப்போம். அட்டையிலேயே விஷயம் இருக்கிறது. பழைய கோஷ்டியின் படம் ஒன்று. அந்தப் படத்தைக் கிழித்துக்கொண்டு புதிய ஆட்கள் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறார்கள். பின்னால் பழையவர்கள் முகத்தில் ஒரே திகைப்பு. நாலு தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவர்கள், வாசலில் வந்து இறங்கும் புது நாட்டுப்பெண்ணின் சாமான்களைப் பார்த்துத் திகைப்பார்களே, அந்தத் திகைப்பு!

முதல் பக்கம் ஜெர்மனியில் ஒரு கிராமம். இரவு. தீவட்டிகளோடு ஊரே திரண்டு ஒருவனைத் துரத்துகிறது. அவன் பெயர் கர்ட் வாக்னர். கருநீல உடம்பு, மஞ்சள் கண், கைக்கு மூன்றே விரல், நுனி கூர்மையான ஒரு வால். ஒரு தப்பும் செய்யாதவன். பார்ப்பதற்குப் பேய் மாதிரி இருக்கிறான் என்பதுதான் அவன் செய்த குற்றம். பிடித்துக் கீழே தள்ளி, மார்பில் கூர்க்கட்டையை இறக்கப் போகிற சமயத்தில், அத்தனை பேரும் ஓங்கின கை ஓங்கினபடி சிலையாக நின்றுவிடுகிறார்கள். பேராசிரியர் வந்துவிட்டார்.

அங்கே ஒரு சின்னப் பேச்சு நடக்கிறது. அதற்காகவே அந்த 50 சென்டைக் கொடுக்கலாம். என்னையும் எல்லாரையும் போல ஆக்க உங்களால் முடியுமா என்று கர்ட் கேட்கிறான். பேராசிரியர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இன்று இரவு இந்த "எல்லாரையும்" பார்த்தாயே, அதற்குப் பிறகும் அவர்களைப் போல ஆகவா ஆசைப்படுகிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். பையன் யோசிக்கிறான். மற்றவர்களைப் போல ஆகவேண்டாம், நான் நானாகவே முழுசாக இருந்தால் போதும் என்கிறான். காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற பெண்ணுக்கும், மாநிறத்துக்கு ஒரு மாற்றுக் குறைந்த பெண்ணுக்கும் வரன் தேடி அலுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தப் பையன் சொன்னதன் அர்த்தத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

இந்தக் கர்ட்டுடைய பூர்வ கதையும் அப்படித்தான். காக்ரம் இவனை முன்பே மனத்தில் உருவாக்கி வைத்திருந்தார். வேறொரு கம்பெனியில் அவர் படம் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கேயிருந்த ஒரு பெரிய வீரர் கோஷ்டியில் சேர்க்கலாம் என்று கொண்டுபோய்க் காட்டினார். ஆள் விசித்திரமாக இருக்கிறான் என்று தள்ளிவிட்டார்களாம்! கதைக்குள் துரத்தப்பட்டவன் கதைக்கு வெளியேயும் துரத்தப்பட்டவன்தான்.

கானடா தேசத்தில் அடுத்த ஆள். வுல்வரின் என்று பெயர். சினிமாவில் ஹியூ ஜாக்மன் நடித்துப் பிரபலமாகிவிட்ட அதே மூர்க்கன்தான். ராணுவத்து மேலதிகாரி, நீ போகக்கூடாது என்று தடுக்கிறார். அவர் கழுத்து டையைத் தன் கை நகத்தால் வெட்டிப்போட்டுவிட்டுப் புறப்படுகிறான். அதற்கு முந்தின வருஷம் வேறொரு கதையில் தலையைக் காட்டிவிட்டு இருக்கிற இடம் தெரியாமல் போனவன் இவன். அமெரிக்காவில் பாட்டுக் கச்சேரி கேட்க வந்த ஐரிஷ்காரர் பான்ஷீயும், ஜப்பானில் ஒஸாகா நகரத்துக் கோபக்காரன் ஸன்ஃபயரும் பழைய இதழ்களில் வந்துபோனவர்கள். இந்த மூன்று பேரையும் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. புஸ்தகமே இவர்களுக்கு ஆளுக்கு இரண்டொரு பக்கத்துக்கு மேல் ஒதுக்கவில்லை.

ஆனால் கென்யாவில் கொஞ்சம் நில்லுங்கள். மழை பெய்யாமல் வாடும் ஜனங்கள் தங்கள் தெய்வத்திடம் வந்து முறையிடுகிறார்கள். அந்தத் தெய்வம் ஓரோரோ என்கிற பெண். கறுப்பு நிறம், நீளமான வெள்ளை வெளேரென்ற கூந்தல். வானத்தைப் பார்க்கிறாள், மேகம் திரளுகிறது, மழை கொட்டுகிறது. இவளிடமும் பேராசிரியர் வருகிறார். மற்றவர்களிடம் பேசின மாதிரி இதமாகப் பேசவில்லை. அம்மா, நீ தெய்வம் இல்லை. எங்களைப் போல ஒரு விசித்திரப் பிறவி. உனக்குக் கடமைகள் இருக்கின்றன என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கற்பூர ஆரத்தியை விட்டுவிட்டு வேலைக்கு வா என்கிறார்! அவளும் வருகிறாள். எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் கொஞ்சம் கோபம்தான். பயிருக்கு மழை தருவது கடமை இல்லையா? அந்தக் கிராமத்துக்கு அடுத்த பஞ்சம் வந்தால் யாரிடம் போவார்கள்? புஸ்தகம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் ஸ்டார்ம் என்று பெயர் மாற்றிக்கொண்ட இந்த ஓரோரோவைப் போல இன்னொருத்தி அமெரிக்கச் சித்திரக் கதையில் அதற்குமுன் கிடையாது என்பது என் அபிப்பிராயம். காக்ரம் முதலில் மனத்தில் வைத்திருந்தது பூனை வேஷம் போடுகிற ஒரு பெண். மழையும் காற்றும் வரவழைக்கிற வேறொருவன். இதற்குள் மற்றக் கதைகளில் பூனைப் பெண்கள் பெருகிவிட்டார்கள். ஆகவே இரண்டு பேரையும் ஒட்டிப் பிசைந்து ஒருத்தியாக்கினார். வெள்ளைக் கூந்தல் வைத்தால் பாட்டி மாதிரித் தெரியுமே என்று தயக்கம் இருந்ததாம், அவர் விடவில்லை. அந்தப் "பாட்டி" 1980-ல் கோஷ்டிக்கே தலைவியானாள். 1986-ல், சக்தியெல்லாம் பறிபோய் வெறும் மனுஷியாக இருந்த சமயத்தில், பழைய தலைவனோடு போட்டியிட்டு ஜெயித்து அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டாள்.

ஸைபீரியாவில் பைகால் ஏரிப் பக்கம் ஒரு கூட்டுப் பண்ணை. பீட்டர் ரஸ்புடின் என்கிற உழவர் வீட்டுப் பையன். வயலில் ஒரு டிராக்டர் கட்டுமீறி ஓடிவருகிறது. எதிரே அவன் குட்டித் தங்கை இல்யானா. ஓடுகிறான். ஓடும்போதே உடம்பு இரும்பாகிறது. தங்கைக்கு முன்னால் போய் நிற்கிறான். டிராக்டர் அவன்மேல் மோதித் தூள் தூளாகிறது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. பேராசிரியர் வந்து அழைக்கும்போது, என் சக்தி எங்கள் ராஜாங்கத்துக்கு அல்லவா சொந்தம் என்று பையன் கேட்கிறான். உலகத்துக்குச் சொந்தம் என்று பதில் வருகிறது. பையன் அதோடு விடவில்லை. தாய் தகப்பனிடம் போய் நிற்கிறான். உன் மனசு எதைச் சொல்கிறதோ அதைச் செய் என்று அனுப்பி வைக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் அந்தத் தாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். யாரோ ஒரு மொட்டைத் தலை அந்நியர். நாற்காலியை உருட்டிக்கொண்டு வயலுக்கு வருகிறார். உங்கள் பிள்ளை உலகத்துக்குச் சொந்தம் என்கிறார். அன்று காலையில்தான் பிள்ளை ஒரு குழந்தையைச் சாவிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறான். அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி எப்போது பார்ப்பது? கதாசிரியருக்கு அதற்கெல்லாம் இடம் இல்லை. பக்கம் போதாது, ஏழாவது ஆள் அரிஸோனாவில் காத்திருக்கிறான். அந்த அம்மாளின் முகத்தை ஒரு கட்டம் கூடுதலாக வரைந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அரிஸோனாக்காரன் அப்பாச்சி இனத்து இளைஞன். ஜான் பிரவுட்ஸ்டார், தண்டர்பேர்ட் என்று பட்டப் பெயர். காட்டெருமையோடு கட்டிப் புரளுகிற பலசாலி. வெள்ளைக்காரர்களுக்கு உதவி செய்ய எனக்கென்ன தலையெழுத்து என்று முறைக்கிறான். நியாயமான கேள்வி! பேராசிரியர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், உன் இனத்தாரைக் கோழைகள் என்று சொல்கிறார்களே, அது சரிதான் போலிருக்கிறது என்கிற மாதிரி ரோசத்தைக் கிளப்பிவிட்டு இழுத்துக்கொள்கிறார். பெரியவர் செய்கிற காரியமா இது? இவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல தேசத்து ஆட்கள் என்றேனே, குறையையும் சொல்லிவிடுகிறேன். நவராத்திரிக் கொலுவில் தேசத்துக்கு ஒரு பொம்மை வைப்போமே, அந்த மாதிரிதான் சில பேர். ஜப்பான்காரன் என்றால் வீறாப்பு. சிவப்பிந்தியன் என்றால் முன்கோபம். ஏழு பேரில் பெண் ஒருத்தி. புஸ்தகத்துக்கு வண்ணம் தீட்டியவர் கிளினிஸ் வீன் என்கிற பெண்மணி. கதைக்குள்ளும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது.

ஏழு பேரும் நியூயார்க் மாளிகையில் வந்து சேருகிறார்கள். இப்போது அந்தக் கூடத்தைப் பாருங்கள். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. எதற்காக அழைத்தார்கள் என்று தெரியாது. வீட்டில் முன்பு யார் இருந்தார்கள், இப்போது எங்கே போனார்கள், ஒன்றும் தெரியாது. கையில் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் புது வாசகருக்கும் அதே நிலைதான்! இதுதான் லென் வீன் செய்த உபாயம். வாசகருக்குப் பழைய கதை தெரியவில்லையே என்று அவர் கவலைப்படவில்லை. பழைய கதை தெரியாத ஏழு பேரை வீட்டுக்குள் அழைத்து வந்து, அவர்கள் பக்கத்திலேயே வாசகருக்கும் ஒரு பாய் போட்டுவிட்டார். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் நமக்கும் சொன்ன மாதிரி ஆயிற்று. பொடி எழுத்தில் எட்டு வரிக்கு வேலையே இல்லை.

சொல்கிறவன் சைக்ளாப்ஸ், கண்ணில் தீப்பிழம்பு உடைய அந்த மூத்த மாணவன். பசிபிக் சமுத்திரத்தில் க்ரகோவா என்கிற தீவுக்குப் பழைய கோஷ்டி போயிற்று. திரும்பி வந்தது இவன் ஒருவன்தான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. அவர்களை மீட்க வேண்டும். அவ்வளவுதான் முன்கதை! ஸன்ஃபயர் மாத்திரம் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிறான். ஆகாய விமானம் புறப்பட்ட பிறகு மனசு மாறிப் பறந்து வந்து பிடித்துக்கொள்கிறான். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு, முகூர்த்த நேரத்தில் வந்து முன்வரிசையில் உட்காரும் மாமா நம் வீட்டிலும் உண்டல்லவா?

தீவில் நடப்பதை முழுக்கச் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு என்மேல் கோபம் வரும். ஆனாலும் ஒன்று. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நாலு திசையிலிருந்து உள்ளே போகிறார்கள். யார் யாருக்கு என்ன வரும் என்பது அவர்களுக்கும் நமக்கும் அங்கேதான் தெரிகிறது. தேடி வந்த எதிரி தீவில் இல்லை, தீவேதான் எதிரி! அணுகுண்டுச் சோதனையினால் உயிர் பெற்ற தீவு அது. விசித்திர சக்தி உடையவர்களைப் பிடித்துக் கட்டிவைத்து உறிஞ்சி வாழ்கிறது. சைக்ளாப்ஸ் தப்பி வரவில்லை. இன்னும் ஆட்களை அழைத்து வரட்டும் என்று அதுவாகத்தான் அவனை விட்டிருக்கிறது. கடைசியில் ஸ்டார்ம் மின்னலை வரவழைத்துக் கொடுக்க, மற்றவர்களும் கைகொடுக்க, லோர்னா என்கிற பழைய கோஷ்டிப் பெண் தன் காந்த சக்தியால் தீவைப் பெயர்த்து ஆகாயத்துக்கு அப்பால் எறிகிறாள். புதிதாக வந்தவள் ஒருத்தி, முன்பே இருந்தவள் ஒருத்தி; ஒருவரை ஒருவர் பார்த்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எல்லாரும் பிழைத்து விமானத்தில் திரும்பும்போது ஒரு கேள்வி பிறக்கிறது. இனிப் பதின்மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கேள்வியோடு கதை முடிகிறது.

பின்பக்கங்களில் மூன்று சின்னப் பழைய கதைகளை மறுபடி அச்சிட்டிருந்தார்கள். பழைய கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் தங்கள் சக்தி இன்னது என்று விளக்குகிற கதைகள். முன்வாசலில் புதியவர்கள், உள்கட்டில் பெரியவர்கள் அறிமுகம். அவற்றில் ஒன்று மார்வெல் கேர்ல் என்கிற பெண்ணைப் பற்றியது. 1969-ல் முதலில் வந்த அதை எழுதியவர் லிண்டா ஃபைட் என்ற பெண்மணி. ஆண்களே எழுதி ஆண்களே படம் போட்ட அந்தப் பத்திரிகையில் ஒரு பெண் எழுதிய பக்கங்களைத் தேடி எடுத்துப் புது வாசகர் கையில் கொடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம்.

வரவேற்பு பலித்ததா என்றால், பலித்தது. 1975 ஆகஸ்டு தேதியிட்ட 94-வது இதழிலிருந்து புதுக் கதை ஆரம்பமாயிற்று. எழுதும் பொறுப்பு கிறிஸ் கிளேர்மான்ட் என்கிற இளைஞரிடம் வந்தது. 1991 வரையில் அவர் விடாமல் எழுதினார். ஒவ்வொரு இதழிலும் யார், என்ன, என்ன சக்தி என்பதைப் பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொல்லிவிடுவது அவர் வழக்கம். பழைய வாசகர்கள் கேலி செய்வதுண்டு. நமக்கு அந்தக் கேலி வேண்டாம். நாலு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். அவருடைய கடைசி வருஷத்தில், மறுபடி ஒன்று என்று எண்ணிட்டுப் புதிதாக ஆரம்பித்த இதழ் ஒன்றைக் கடைக்காரர்கள் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் வாங்கினார்கள்.

ஆனால் வரவேற்பின் கணக்கில் செலவுப் பக்கமும் இருக்கிறது. 94-வது இதழிலேயே பழையவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சைக்ளாப்ஸ் மட்டும் போக இடமில்லாமல் தங்கிவிடுகிறான். உள்ளே வருகிறவருக்கு இடம் வேண்டுமானால் யாராவது எழுந்துகொள்ளத்தானே வேண்டும்! ஸன்ஃபயர், வந்த வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டான்.

அரிஸோனா இளைஞன்? அடுத்த இதழில், 1975 அக்டோபரில், எதிரியின் விமானத்தைத் தொற்றிக்கொண்டு ஏறி, பேராசிரியர் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்சக் கேளாமல், அதோடு வெடித்துச் செத்துப்போனான். வந்து மூன்றாவது புஸ்தகம்! ஏன் அவன்? பலசாலி வேண்டுமென்றால் இரும்பு உடம்புப் பையன் இருக்கிறான்; முரடன் வேண்டுமென்றால் வுல்வரின் இருக்கிறான்; இவனுக்கென்று தனியாக ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதினவர்களும் வரைந்தவரும் பேசி முடிவு செய்தார்களாம். அழைக்கும்போது ரோசத்தைக் கிளப்பி அழைத்தார்கள். அந்த ரோசத்தாலேயே போனான். கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சமையலுக்கு மூத்தவள், பாட்டுக்கு இளையவள், உனக்கு என்ன வரும் என்று முதல் நாளே கேட்கப்பட்டவர்களுக்கு அவன்மேல் ஒரு தனிப் பரிவு வரும்.

இன்னும் ஒன்று. முப்பது வருஷம் கழித்து, 2005-ல், எட் புரூபேகர் என்கிற வேறொரு கதாசிரியர் இந்தப் பழைய புஸ்தகத்தின் நடுவே ஒரு புது அறையைத் திறந்தார். இந்த ஏழு பேருக்கு முன்பே பேராசிரியர் இன்னொரு இளவட்டக் கோஷ்டியை அதே தீவுக்கு அனுப்பினார். அவர்கள் மாண்டுபோனதாக எண்ணி, அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று எழுதினார். சைக்ளாப்ஸின் மனத்திலிருந்தே அந்த ஞாபகத்தை அழித்துவிட்டாராம். பழைய வாசகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், 1975 புஸ்தகத்திலேயே அதற்கு வித்து இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் அவர் நல்ல வார்த்தை சொன்னார், உண்மைதான். தம் பழைய மாணவர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள், அதற்குத்தான் உங்களைத் தேடி வந்தேன் என்று எந்த வாசலிலாவது சொன்னாரா?

காக்ரம் 2006-லும் லென் வீன் 2017-லும் காலமானார்கள். புஸ்தகம் மறுபதிப்புகளில் இன்றைக்கும் கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை வைத்திருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்; முன்கதை எதுவும் தெரியவேண்டியதில்லை என்று சொன்னேனல்லவா?

அந்த டிராக்டர் முன்னால் நின்ற குட்டிப் பெண்ணை மறந்துவிடப் போகிறீர்கள். இல்யானா. அண்ணன் புறப்பட்டபோது என்ன நடக்கிறதென்று புரியாத வயசு. 1980-களில் அவளும் வளர்ந்து, அதே மாளிகையின் வாசலில் மாணவியாக வந்து நின்றாள். அப்போது உள்ளே இருந்தவர்கள் யாவரும் அவளுக்கு மூத்தவர்கள், அவள்தான் புதியவள்.